ஹாரனுக்குப் பின்னால் ஒரு கீச்

எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தால், அடுப்பருகே யார் நின்றிருந்தாலும் சரி, "நான்தான் பாக்காம விட்டுட்டேன்" என்று முதலில் குரல் கொடுப்பது அக்காதான். அவள் அப்போது மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாலும் அந்தக் குரல் வரும். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுடைய இடது கால் இளைத்துப்போனது. அதற்கப்புறம் வீட்டில் எது உருண்டாலும் எது உடைந்தாலும் எல்லார் கண்ணும் முதலில் அந்தக் காலைத்தான் பார்த்தன. யாரும் வாய் திறப்பதற்கு முன்னால் தானே சொல்லிவிடலாம் என்று அவளும் பழகிக்கொண்டாள். எனக்கு அந்தப் பழக்கத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். செய்யாத தப்புக்கு எதற்குக் கையைத் தூக்குகிறாய் என்று கத்துவேன். "விடுடி, ஒரு வார்த்தைதானே" என்பாள்.

அக்கா ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில், பள்ளி நடக்கும் தூரத்தில் இருந்தவரை பிரச்சினை இல்லை. போன வருஷக் கடைசியில் பள்ளிக்காரர்கள் ஊருக்கு வெளியே, நெலமங்கலம் போகும் வழியில், புதுக் கிளை கட்டினார்கள். ஜூன் மாதத்திலிருந்து நீங்கள் அங்கே என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும். இடம் எப்படி இருக்கிறதென்று பார்க்க ஒரு நாள் போய்வந்தாள். திரும்பும்போது பஸ் படியில் தடுமாறி ரோட்டில் விழுந்தாள். முழங்கையில் தோல் உரிந்து வந்து நின்றவள் வாசலிலேயே சொன்னாள்: "நான்தான் சரியா பிடிக்கல."

மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், மாநகராட்சியில் குப்பை லாரி ஓட்டுகிறார். அதிகம் பேச மாட்டார். அடுத்த வாரம் ஒரு பழைய சின்னக் காரை ஓட்டிவந்து சந்தில் நிறுத்தி, சாவியை என் கையில் கொடுத்தார். "வலது கால் அவளுக்கு நல்லா இருக்கு. பிரேக், ஆக்சிலேட்டர் ரெண்டும் மிதிப்பா. கிளட்ச் மட்டும்தான் கஷ்டம். அதுக்கு நீ ஒரு வழி பண்ணு கண்ணு" என்றார்.

வழி பண்ணுவதுதான் என் வேலை. பீன்யாவில் ஒரு சின்ன ஷெட்டில், கால் சரியில்லாதவர்கள் ஓட்டுவதற்கு ஏற்ப வண்டிகளை மாற்றும் கம்பெனியில், சர்க்யூட் போர்டு வடிவமைக்கிறேன். கியர் குமிழில் ஒரு பட்டன். அதை விரலால் அழுத்தினால், கீழே ஒரு மோட்டார் கிளட்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். விட்டால் மெதுவாக விடும். எவ்வளவு மெதுவாக என்று தீர்மானிக்க, போர்டில் விரல்நகம் அளவுக்கு ஒரு மைக்ரோகண்ட்ரோலர். அதற்கு முன்னால் நாங்கள் செய்தவற்றில் இந்த மூளை கிடையாது. ஆன், ஆஃப் மட்டும் தெரிந்த ரிலே சுவிட்ச் போட்டிருப்போம், கிளட்ச் டபக்கென்று விடும், வண்டி குலுங்கும். அக்கா குலுங்கக் கூடாது என்றுதான் புதுசைக் கையிலெடுத்தேன். முதல் வண்டி அவளுடையது.

சாவியைத் திருப்பினால் அந்தப் போர்டு "கீச்" என்று ஒரு தடவை கத்தும். நான் எழுந்துவிட்டேன் என்று அர்த்தம். எழுந்ததும் முதல் காரியமாக மோட்டாரைத் தொடக்க நிலைக்கு, அதாவது கிளட்சை விட்ட நிலைக்குக் கொண்டுபோகும். பிறகு பட்டனைப் பார்க்கும். இந்த வரிசையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் உயிரை வாங்கியது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சந்திலேயே வண்டிக்குள் படுத்துக்கொண்டு, மோட்டாரும் போர்டும் சேர்ந்த கிட்டைப் பொருத்தினேன். கோடை லீவு தொடங்கியதும் அக்காவுக்கு எல்.எல்.ஆர் வாங்கினோம். மத்தியானங்களில் மாமா பக்கத்தில் உட்கார, அவள் சந்திலும் சந்து முனையில் இருக்கும் மைதானத்திலும் ஓட்டிப் பழகினாள்.

இங்கே எங்கள் சந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாதி வீட்டில் துப்புரவு வேலைக்குப் போகிறவர்கள். விடிவதற்கு முன்னால் கிளம்பி, ஊரைக் கூட்டிவிட்டு வந்து, மத்தியானம் தூங்குவார்கள். அதனால் எங்கள் சந்துக்குள் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் காய்கறி வண்டிக்காரர் முதல் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வரை எல்லாருக்கும் தெரியும். வழியில் ஸ்கூட்டர் நின்றால் இறங்கிப் போய், தள்ளி வைத்துவிட்டு, திரும்ப ஏறி ஓட்டுவார்கள். மாமாவே அப்படித்தான். மெயின் ரோட்டில் மூச்சு விடுகிற மாதிரி ஹாரன் அடிக்கிற மனிதர், சந்து திரும்பியதும் ஸ்டியரிங்கின் நடுப்பக்கம் கையையே கொண்டுபோக மாட்டார். மைதானத்திலோ மேயும் மாடுகளைத் தவிர யாருமில்லை. ஷெட்டில் என் மேஜைமேல் பேட்டரி இருந்தது, மோட்டார் இருந்தது, ஹாரன் இல்லை. ஆக, பெங்களூரில் ஒரு கார், ஒரு தடவைகூட ஹாரன் அடிக்காமல், எல்லாச் சோதனையும் முடிந்து தயாராகிவிட்டது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

அக்கா பிரமாதமாக ஓட்டினாள். ரிவர்ஸ் எடுத்தாள். மேட்டில் நிறுத்திக் கிளப்பினாள். கன்னத்தில் இரண்டு பக்கமும் குழி விழச் சிரித்துக்கொண்டே ஓட்டினாள். அவளுக்கு இரண்டு பக்கமும் குழி விழும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆர்.டி.ஓ டெஸ்டுக்கு முந்தின வாரம், வண்டிக்குப் பூஜை போட்டுவிடலாம் என்றார் மாமா. மெயின் ரோட்டு ஓரத்தில் இருக்கும் அம்மன் கோயில். மாலை போட்டு, பொட்டு வைத்து, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார் பூசாரி. ஓட்டுகிறவர் பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். அக்கா பட்டனை அழுத்தி, முதல் கியரில் போட்டுக் காத்திருந்தாள். பூசாரி கற்பூரத் தட்டோடு முன்னால் நின்றிருந்தார்.

"ஹாரன் அடிச்சுட்டு கிளம்பு" என்றார் மாமா.

அடித்தாள். வண்டி ஒரு எகிறு எகிறி முன்னால் பாய்ந்து, குலுங்கி நின்று, அணைந்துபோனது. தட்டு ஒரு பக்கம், பூசாரி ஒரு பக்கம். பூ விற்கிற அம்மாவின் கூடைக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். நல்ல வேளை, யாருக்கும் அடிபடவில்லை.

"திருஷ்டி கழிஞ்சுது போ" என்று பூக்கார அம்மா பெரிய மனதோடு சொன்னார். அக்கா காதில் அது விழவில்லை. வண்டியிலிருந்து இறங்கி, சாவியை மாமாவின் கையில் வைத்தாள்.

"நான்தான். பயத்துல கைய எடுத்துட்டேன்."

"எடுத்தியா? நல்லா ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"எடுக்காம வண்டி எப்படிடி பாயும்? பூஜை பண்ற மனுஷன் மேல ஏத்தப் பாத்தேன். வேற யாருக்காவது இப்படி ஆகுமா? எனக்கு இதெல்லாம் வேணாம்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அடங்கின குரலில், நாளைக்குப் பள்ளிக்குப் போன் பண்ணி வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லிவிடுகிறேன் என்றாள். பதினாறு வருஷமாகப் பார்க்கிற வேலை.

ராத்திரி அவள் முந்தானையைத் தலைக்கு வைத்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். மாமா என்னிடம் மெதுவாக, "அந்த மோட்டாரைக் கழட்டிடு கண்ணு. பாத்தா அவளுக்கு அதே ஞாபகம் வரும்" என்றார். பள்ளிக்கு ஒரு வாரம் கழித்துப் போன் பண்ணு என்று மட்டும் அக்காவிடம் கெஞ்சி வைத்தேன். அதற்குமேல் எனக்கும் வழி தெரியவில்லை.

மறுநாள் வண்டியைப் பீன்யாவுக்குக் கொண்டுபோனோம். மாமா சாதாரணமாகக் காலால் கிளட்ச் மிதித்து ஓட்டினார். நான் பக்கத்தில், காலுக்கடியில் இருக்கும் என் போர்டை முறைத்துக்கொண்டு வந்தேன். யஷ்வந்த்புரம் வந்ததும் வழக்கமான நெரிசல். லாரி, பஸ், நடுவில் புகுந்து போகும் ஆட்டோக்கள். மாமாவுக்கும் அன்றைக்கு மனசு சரியில்லை. அதையெல்லாம் ஹாரனில் காட்டினார்.

பாம்ம்ம். கீச்.

நான் நிமிர்ந்தேன்.

பாம்ம்ம். கீச்.

"மாமா, இன்னொரு தடவை அடிங்க."

"எதுக்கு? முன்னாடி யாரும் இல்லையே."

"அடிங்க மாமா!"

பாம்ம்ம். கீச்.

சாவி திருப்பியபடியேதான் இருக்கிறது. யாரும் அணைக்கவில்லை. பின்னே ஏன் என் போர்டு ஒவ்வொரு ஹாரனுக்குப் பின்னாலும் தூங்கி எழுந்து "எழுந்துவிட்டேன்" என்று சொல்கிறது? கோயிலில் மணிச் சத்தத்திலும் கூச்சலிலும் இந்தக் கீச் யார் காதிலும் விழவில்லை. ஹாரன் அடித்ததும் மூளை செத்துப் பிழைத்திருக்கிறது. பிழைத்ததும் முதல் காரியமாகக் கிளட்சை விட்டிருக்கிறது. பட்டன் அழுத்தித்தான் இருந்திருக்கிறது. அக்கா கையை எடுக்கவே இல்லை!

நடுரோட்டில் மாமாவின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். பின்னால் நின்ற அத்தனை வண்டியும் ஹாரன் அடித்தது. அவற்றால் என் போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் காதில் விழும் சத்தத்தில் தப்பில்லை. தப்பு ஒயருக்குள் ஓடும் இரைச்சலில். ஹாரனுக்குள் ஒரு கம்பிச் சுருளும் ஒரு தகடும் இருக்கின்றன. அடிக்கும்போது அந்தச் சுருளுக்குப் போகும் கரண்ட் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை அறுந்து அறுந்து சேரும். அறும் ஒவ்வொரு தடவையும் சுருள் கோபித்துக்கொண்டு பெரிய வோல்டேஜ் ஒன்றை வந்த வழியே துப்பும். நான் என் போர்டுக்குக் கரண்ட் எடுத்தது அதே ஒயரிலிருந்து. எர்த் ஒயரையும் முடுக்கியது ஹாரனுடைய அதே போல்ட்டில். அது துப்பும் எச்சில் நேராக முகத்தில் வந்து விழுகிற இடத்தில் நான் மூளையை உட்கார வைத்திருக்கிறேன்.

ஷெட்டுக்குப் போனதும் முதலாளி உடனே போர்டைப் பிரிக்கச் சொன்னார். கன்னடக்காரர், நல்ல மனிதர், பொறுமை மட்டும் கொஞ்சம் கம்மி. நான் வண்டிமேல் கை வைக்க விடவில்லை.

"சரி பண்றதுக்கு முன்னாடி எங்க அக்கா பாக்கணும் சார்."

"கெட்டதைக் காட்டறதுக்கு எதுக்கும்மா கூப்பிடறே? சரியானதைக் காட்டு."

"சரியானதைக் காட்டினா, 'அப்பவும் நான்தான் கைய எடுத்தேன், இப்ப நீ எனக்காக மாத்திட்டே'ன்னு சொல்லுவா சார். உங்களுக்கு அவளைத் தெரியாது."

போனில் அக்கா வர மாட்டேன் என்றாள். நான் போட்ட கூச்சலில் பக்கத்து ஷெட்டில் லேத் ஓட்டுகிறவர் எட்டிப் பார்த்தார். மாமா வெளியே போய், ஒரு ஆட்டோ பிடித்து, நேரில் போய் அழைத்துவந்தார். என்ன சொன்னார் என்று இன்றுவரை இரண்டு பேரும் எனக்குச் சொல்லவில்லை.

வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தோம். சக்கரங்கள் அந்தரத்தில். அக்காவை ஓட்டுகிற சீட்டில் உட்காரச் சொன்னேன். தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். இன்ஜினை ஓடவிட்டு, பட்டனை அழுத்தச் சொல்லி, முதல் கியரில் போட்டேன். பிறகு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, அழுத்திய நிலையிலேயே பட்டனைச் சுற்றி இறுக்கிச் சுற்றினேன்.

"இப்போ கைய எடு."

"எடுத்தா வண்டி..."

"எடு."

எடுத்தாள். சக்கரம் அசையவில்லை. டேப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இப்போ ரெண்டு கையையும் ஸ்டியரிங்ல வை. ஹாரன் அடி."

அடித்தாள். சக்கரங்கள் இரண்டும் விர்ரென்று சுழன்றன. கீச். மூளை எழுந்து பட்டனைப் பார்த்து, மறுபடி கிளட்சைப் பிடித்தது. சக்கரம் தளர்ந்து நின்றது.

அக்கா பட்டனைப் பார்த்தாள். டேப் சுற்றியபடியே இருந்தது. தன் இரண்டு கையையும் பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமல், மறுபடி அடித்தாள். விர்ர். கீச். மறுபடி. விர்ர். கீச்.

"நான் கைய எடுக்கல" என்றாள்.

"இல்லக்கா."

"அன்னிக்கும் எடுக்கல."

"எடுக்கவே இல்ல. எல்லாம் என் போர்டோட வேலை."

அவள் ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து அழுதாள். கவிழ்ந்ததில் ஹாரன் அழுந்திக்கொண்டது. பாம்ம்ம் என்று ஒரே நீட்டாக அலற, சக்கரங்கள் சுற்ற, நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். அழுதுகொண்டே அவளும் சிரித்தாள். மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ சொல்லப் போகிறேன் என்று வெளியே போனார். முதலாளி மட்டும் ஹாரன் ஓய்ந்ததும், ஏதோ மேட்ச் பார்க்கிற மாதிரி, "இன்னொந்து சல ஹொடிம்மா" என்று கேட்டார். இன்னொரு தடவை அடி என்கிறார்.

சரி செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஹாரனோடு ஒட்டும் உறவும் வேண்டாம் என்று, பேட்டரியிலிருந்தே நேராகத் தனி ஒயர் இழுத்தேன். எர்த்தும் பேட்டரிக்கே போனது. போர்டுக்குள் கரண்ட் நுழையும் வாசலில், அளவுக்கு மீறிய வோல்டேஜ் வந்தால் அதைத் தன்மேல் வாங்கி எர்த்துக்குத் தள்ளிவிடும் ஒரு டயோடு. அதற்குப் பின்னால், திடீர் ஏற்ற இறக்கத்தை விழுங்க ஒரு சுருளும் ஒரு கெப்பாசிட்டரும். மைக்ரோகண்ட்ரோலரின் காலடியிலேயே, ஒட்டி, இன்னொரு குட்டி கெப்பாசிட்டர். அது ஒரு செம்பு தண்ணீரைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வது போல. தள்ளி வைத்தால் தாகத்துக்கு உதவாது. பட்டனுக்குப் போகும் இரண்டு ஒயரையும் பின்னலாக முறுக்கி, இரைச்சல் தொற்றாமல் பார்த்துக்கொண்டேன். எல்லாவற்றையும் ஒரு தகர டப்பாவுக்குள் வைத்து மூடினேன்.

கடைசியாக புரோகிராமில் வரிசையை மாற்றினேன். எழுந்ததும் எதையும் விடாதே. முதலில் பட்டனைப் பார். அழுத்தியிருந்தால், பிடித்ததைப் பிடித்தபடி இரு. இவ்வளவு காவலையும் மீறி என்றாவது ஒரு நாள் தூங்கி விழித்தாலும், அக்காவின் விரலைக் கேட்காமல் அது ஒன்றும் செய்யக் கூடாது.

பிறகு ஷெட்டுக்கு முன்னால் அடித்தோம் ஹாரன். வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போது அடித்தோம். தரையில் இறக்கி அடித்தோம். வைப்பர், ஹெட்லைட், ஃபேன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அடித்தோம். பட்டனை அழுத்தியிருந்தது அக்கா. டேப்பை அவளே பிரித்துவிட்டிருந்தாள். தூர எறியாமல் டேஷ்போர்டின் ஓரத்தில் ஒட்டியிருந்தாள். வண்டி கோயில் நந்தி மாதிரி உட்கார்ந்திருந்தது. கீச் வரவே இல்லை. பக்கத்து ஷெட் லேத்காரர் காதைப் பொத்திக்கொண்டு, உங்கள் வண்டி சரியாகிவிட்டது, என் தலைதான் போய்விட்டது என்றார்.

டெஸ்ட் நாளன்று வேலிக்கு வெளியே நானும் மாமாவும் நின்றோம். இன்ஸ்பெக்டர் கிட்டைக் குனிந்து பார்த்து, தகர டப்பாவைத் தட்டிப் பார்த்து, வண்டியில் ஏறினார். அக்கா எட்டு போட்டாள். மேட்டில் நிறுத்திக் கிளப்பினாள். கடைசியில் கோட்டருகே, கியரில், பட்டனை அழுத்திக்கொண்டு நிற்கும்போது, ஹாரன் அடிக்கச் சொல்லி ஜன்னல் வழியே அவர் குரல் கேட்டது. "ஹாரன் ஹொடீரி மேடம்."

ஷெட்டில் எத்தனை நூறு தடவை அடித்தோம் என்பதெல்லாம் அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை. மாமா என் கையை நெரித்தார். அக்கா அடித்தாள். வண்டி அசையவில்லை. அவர் ஏதோ எழுதினார். அவள் அவர் கேட்காமலே இன்னொரு தடவை அடித்தாள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். டெஸ்டில் தேறிவிட்டாள்.

அன்று மத்தியானம் சந்துக்குள் திரும்பியபோது நடுவழியில் யாரோ தள்ளுவண்டியை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அக்கா பட்டனை அழுத்திக்கொண்டு, ஹாரன் அடிக்காமல் காத்திருந்தாள். நான் இறங்கிப் போய் அதைத் தள்ளி வைத்தேன். எல்லாரும் தூங்குகிற நேரம்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று அவள் தனியாகப் போனாள். மாமாவுக்கு டியூட்டி. எனக்கு ஷெட்டில் வேலை ஓடவில்லை. போன் மேஜைமேல் இருந்தது, பார்வை போன்மேல் இருந்தது. அது அடித்தவுடன் எடுத்தேன்.

"ஸ்கூல் கேட்டுக்கு முன்னாடி நிக்கறேன்" என்றாள். "வாட்ச்மேன் உள்ள எங்கியோ இருக்கான். இரு, லைன்லயே இரு."

பாம்ம்ம்.

போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டேன். இன்ஜின் ஓடும் சத்தம் கேட்டது. எங்கோ பிள்ளைகள் கத்தும் சத்தம் கேட்டது. இரும்புக் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. கீச் கேட்கவில்லை.

"பாத்தியா" என்றாள் அக்கா, "நான்தான் ஓட்டிட்டு வந்தேன்."